கடைசிப் பக்கத்தில் வரும் பஸ்

எங்கள் பாடசாலை பதுளைப் பக்கம் ஹாலிஎலவுக்கு மேலே, தேயிலை மலையின் நடுவில், ஒரே ஒரு மண்டபமாக நிற்கிறது. வெளியே நாலு பக்கமும் சுவர் உண்டு. உள்ளே ஒன்றுகூடக் கிடையாது. வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் இருப்பது மரச்சட்டத்தில் நிறுத்திய கரும்பலகை மட்டும்தான். இந்த வருடம் வரை அந்தப் பக்கம் தரம் இரண்டு, இந்தப் பக்கம் தரம் ஐந்து. தரம் ஐந்து என்னுடையது. புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் வகுப்பு என்பதால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்தது என்று எழுத வேண்டுமோ என்னவோ.

கரும்பலகைக்கு அந்தப் பக்கம் எட்டு வருடம் இருந்தவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெயரை எழுதப் போவதில்லை. அவருடைய மகள் இன்று என் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவள். அதனால் டீச்சர் என்றே வைத்துக்கொள்வோம். தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அவருக்கு நிரந்தர நியமனம் இல்லை. ஆள் பற்றாக்குறைக்காகப் பெற்றோர் கேட்டுக்கொண்டதால் வந்தவர். தொழிலாளர் வீட்டு வரிசையான கீழ் லயத்திலிருந்து காலையில் ஏறி வருவார். குடையை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு, அட்டைக் கடிக்குக் காலில் தடவிய சவர்க்காரத்தைக் குழாயடியில் கழுவிவிட்டு, பிள்ளைகளைப் பார்த்து முதலில் கேட்கும் கேள்வி, "யாரு யாரு சாப்பிடல?" என்பதுதான். வரவு எடுப்பது அதற்குப் பிறகு.

அவருடைய தம்பி எல்ல டவுனில் ஒரு விடுதியில் சமையல் வேலை பார்த்தான். வெள்ளைக்காரர்கள் அறையைக் காலி செய்யும்போது தங்கள் பிள்ளைகளின் படப் புத்தகங்களை விட்டுவிட்டுப் போவார்களாம். அவற்றை அவன் அக்காவுக்குக் கொண்டுவந்து கொடுத்தான். எல்லாமே அந்தத் தேசத்துத் தேவதைக் கதைகள். சில இங்கிலீஷில் இருந்தன. சில எந்தப் பாஷை என்றே தெரியாது. டீச்சருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. படத்தைப் பார்ப்பார், பழைய கலண்டரின் பின்பக்கத்தில் தானே தமிழில் கதை எழுதுவார், அதை நறுக்கி, கோதுமை மாப் பசை காய்ச்சி, அச்சடித்த எழுத்தின் மேல் ஒட்டிவிடுவார். பதினொரு புத்தகம் அப்படிச் செய்தார். பசை ருசிக்குக் கரப்பான் வரும். மாதத்துக்கு ஒரு தடவை துண்டுகள் கழன்று விழ, மறுபடி மா காய்ச்சுவார்.

"இப்படியே ஒட்டிக்கிட்டிருந்தா கரப்பான் எல்லாம் பரீட்சை பாஸ் பண்ணிரும் டீச்சர்," என்று நான் கேலி செய்வேன்.

"பண்ணட்டும் சேர். உங்க வகுப்புக்கே அனுப்பி வைக்கிறேன்," என்பார்.

கதைகளைக் கேட்க வேண்டுமே. நான் வேண்டாம் என்றாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும், நடுவில் இருப்பது ஒரு பலகைதானே. காட்டுக்குள் சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு போகும் சிறுமியின் வழியில் ஓநாய் வராது, சிறுத்தை வரும். மேல்மலையில் நாய்களைத் தூக்கிக்கொண்டு போன அதே சிறுத்தை என்பதால் பிள்ளைகளுக்கு மூச்சு நின்றுவிடும். பூசணிக்காய், கலர் லைட் எரியும் பிரைவேட் பஸ்ஸாக மாறும். செருப்பைத் தொலைத்த பெண்ணைத் தேடிவரும் இளவரசன் ஹாலிஎல ஸ்டேஷன் மாஸ்டரின் மகன். நூறு வருடம் தூங்கும் பெண்ணின் கதையில் ஒரு பயல் எழுந்து கேட்டான்: "பெரட்டுக்குப் போகாம தூங்குனா கங்காணி சும்மாவா விட்டாரு டீச்சர்?" காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு வராதவர்களுக்கு என்ன நடக்கும் என்று அவன் வீட்டில் பார்த்தவன். டீச்சர் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. "கங்காணியும்தான் தூங்கிட்டாரு," என்றார். அன்று என் தரம் ஐந்தும் சேர்ந்து சிரித்தது. பின்னப் பெருக்கல் அப்படியே நின்றது.

இதெல்லாம் விளையாட்டு. அவர் விளையாடாத இடம் ஒன்று உண்டு.

அந்தக் கதைகளில் முதல் பக்கத்திலேயே அம்மா செத்துப்போவாள். பாதிக்குமேல் அப்படித்தான். டீச்சர் ஒரு கதையில்கூட அம்மாவைச் சாகவிட்டதில்லை. "ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா. அவ அம்மா வெளிநாடு போயிருந்தா," என்றுதான் எல்லாக் கதையும் தொடங்கும். சித்தியும் கெட்டவள் இல்லை. "சித்திக்குப் பாவம், கொழுந்துக் கூடை தூக்கித் தூக்கி இடுப்பு வலி. அதான் கத்துறா," என்பார். கடைசிப் பக்கத்தின் மேல் அவரே வரைந்த படம் ஒட்டியிருக்கும். பதினொரு புத்தகத்திலும் ஒரே படம்: பதுளை என்று பெயர்ப்பலகை வைத்த சிவப்பு பஸ். படியில் ஒரு பெண், கையில் பெரிய பேக். கீழே மூன்று வரி. பஸ் வந்தது. அம்மா இறங்கினா. கதை முடிஞ்சது.

கதை பாதி வரும்போதே பிள்ளைகள் தொடங்கிவிடுவார்கள். "பஸ் வந்துருச்சா டீச்சர்?"

"பொறுங்க, இப்பதான் தெமோதர தாண்டுது."

மணி அடித்தாலும் எழுந்திருக்க விடமாட்டார். மழை வரப்போகிறது, அடுத்த பாடம் இருக்கிறது என்று யார் சொன்னாலும் கேட்கமாட்டார். "கதைய நடுவுல விட்டுட்டு எந்திரிக்கக் கூடாது. கதையில உள்ளவங்க பாவம், அப்படியே நின்னுக்கிட்டிருப்பாங்க," என்பார். இதை அவர் சொல்லாத நாள் இல்லை.

கல்வி வலயத்திலிருந்து ஒருமுறை ஆலோசகர் ஒருவர் வந்தார். ஒரு புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "மூலக் கதையில அம்மா இறந்துட்டாங்களே. ஏன் மாத்தினீங்க?" என்று கேட்டார்.

"இந்த வகுப்புல இருபத்திரெண்டு பேருங்க. ஒம்போது பேரோட அம்மா சவூதியிலயும் குவைத்துலயும் இருக்காங்க. அம்மா செத்துட்டான்னு அவங்க மூஞ்சியப் பாத்து எப்படிங்க வாசிக்கிறது?"

ஆலோசகர் குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டு போனார். அன்று மாலை நான் டீச்சரிடம் சொன்னேன். "அவரு கேட்டது ஒருவகையில சரிதான். எல்லா அம்மாவும் திரும்பி வருவாங்கன்னு நீங்க எப்படி எழுதிக் குடுக்கலாம்?"

"வருவாங்க சேர்," என்றார். விவாதத்துக்கு வராமல் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது.

ஐந்து வருடத்துக்கு முந்திய தரம் இரண்டில் நிரோஜா என்று ஒரு பிள்ளை இருந்தாள். மூக்கு ஒழுகும், சத்தமாகச் சிரிக்கும் பிள்ளை. அம்மா வெளிநாடு போய் மூன்றாவது வருடம். அப்பாவோடும் அத்தையோடும் மேல் லயத்தில் இருந்தாள். பஸ் வந்துருச்சா என்று முதலில் கேட்கும் குரல் அவளுடையதுதான். கடைசிப் பக்கம் வந்ததும் ஓடிப்போய், படத்தில் இருக்கும் பேக்கின் மேல் விரலை வைத்து, "இதுக்குள்ள என் காலுக்குச் சப்பாத்து இருக்கு," என்று சொல்லிவிட்டுத்தான் இடத்துக்குப் போவாள்.

ஒரு திங்கட்கிழமை அவளுடைய அப்பா பாடசாலைக்கு வந்தார். எங்கள் இரண்டு பேரையும் குழாயடிக்குக் கூப்பிட்டார். 

"சம்சாரம் தவறிருச்சுங்க சேர். அங்கயே. எப்படின்னு சரியா சொல்ல மாட்டேங்குறாங்க. பொட்டி வர நாளாகும்ங்குறாங்க." தலைத்துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். "பொட்டி வர்ற வரைக்கும் புள்ளைக்குச் சொல்ல வேணாங்க டீச்சர். எல்லாம் வந்தப்புறம் ஒரேயடியா தெரியட்டும்."

சரி என்று தலையாட்டினோம். வேறு என்ன செய்வது.

அவர் போனதும் நான் சொன்னேன், "இனிமே அந்தக் கடைசிப் பக்கத்த வாசிக்காதீங்க. பாவம் டீச்சர், அது பெரிய பாவம்."

"நிப்பாட்டினா அவளுக்குத் தெரிஞ்சிரும் சேர். இவ்வளவு நாளா வந்த பஸ் இன்னைக்கி ஏன் வரலன்னு கேப்பா. நான் என்ன சொல்லுவேன்?"

பெட்டி வர ஒன்றரை மாதம் ஆனது. ஒன்றரை மாதமும் அவர் வாசித்தார். நான் பலகையின் இந்தப் பக்கம் சோக்கட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, கணக்குப் போடுவதுபோல நின்று கேட்பேன். சிறுத்தை வரும், பூசணி பஸ் வரும், எல்லாவற்றிலும் பழைய குரல்தான். கடைசிப் பக்கம் திரும்பும் சத்தம் கேட்டதும் எழுதிய கணக்கையே அழித்துவிட்டு மறுபடி எழுதுவேன். "பஸ் வந்துருச்சா டீச்சர்?" என்று நிரோஜா கேட்பாள். "வந்துருச்சும்மா," என்பார். ஒரு நாள்கூடக் குரல் உடையவில்லை. கல்நெஞ்சக்காரி என்று மனதுக்குள் திட்டினேன். அப்படி நினைத்ததற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

பெட்டி ஒரு சனிக்கிழமை வேனில் வந்தது. ஆணியடித்து முத்திரை வைத்த பெட்டி, திறக்கக் கூடாது என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். லயத்து வாசலில் பந்தல் போட்டு, பெட்டியின் மேல் கல்யாணப் போட்டோவை வைத்திருந்தார்கள். தப்பு மேளம் அடிக்கத் தொடங்கியதும் பிள்ளையைத் தேடினார்கள். காணவில்லை.

நான் அப்போதுதான் மேலே ஏறிக்கொண்டிருந்தேன். சந்தியில், மதகின்மேல் நிரோஜா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் டீச்சர். டீச்சருடைய சேலையின் ஒரு பக்கம் முழுக்கச் சேறு, வழுக்கி விழுந்து ஓடி வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

"வாம்மா, வீட்டுக்குப் போவோம். அம்மாவப் பாக்க வேணாமா?"

"அது பொட்டி டீச்சர். எங்கம்மா இல்ல. தொறந்து காட்டச் சொன்னேன், காட்ட மாட்டேங்குறாங்க." பிள்ளை ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்கம்மா பஸ்ஸுலதான் வரும். பேக்கோட."

பஸ் வந்தது. ஒரு கிழவரும் இரண்டு மரக்கறி மூட்டையும் இறங்கின. அது போய் அடுத்த பஸ் வந்தது. யாரும் இறங்கவில்லை. மேலே தப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மூன்றாவது பஸ் நிற்காமலே போனபோது டீச்சர் மதகிலிருந்து இறங்கி, பிள்ளையின் முன்னால் ரோட்டில் முட்டி போட்டு உட்கார்ந்தார்.

"நிரோஜா, இங்க பாரு. அந்தப் பஸ்ஸ நான்தான் வரைஞ்சேன். புஸ்தகத்துல அது இல்ல. நான்தான் ஒட்டினேன். அம்மா பஸ்ஸுல வராதும்மா. வந்தது அம்மாதான்."

பிள்ளை இரண்டு கையாலும் டீச்சரின் முகத்தில் அடித்தாள். டீச்சர் தடுக்கவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. அடித்துக் கை ஓய்ந்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு டீச்சர் மலையேறினார். நான் குடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். அவர்கள் போய்ச் சேர்ந்த பிறகுதான் பெட்டியைத் தூக்கினார்கள்.

அதற்குப் பிறகு நிரோஜா வகுப்புக்கு ஒழுங்காக வந்தாள். கதை நேரம் வந்தால் மட்டும் எழுந்து, கரும்பலகையைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து, தரம் ஐந்துப் பிள்ளைகளின் வாங்கில் ஓரமாக உட்கார்ந்துகொள்வாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. டீச்சரும் கூப்பிடவில்லை. அடுத்த வருடம் அத்தைக்கு ஹல்துமுல்லைப் பக்கம் கல்யாணமாகி, பிள்ளையையும் கூடவே கூட்டிப்போய்விட்டார்கள். போகிற அன்று சொல்லிக்கொள்ள வந்தவள், என் காலில் விழுந்தாள். பலகைக்கு அந்தப் பக்கம் போகவில்லை.

டீச்சர் அந்தப் பதினொரு படங்களையும் பிய்த்து எறிந்துவிடுவார் என்று நினைத்தேன். பிய்க்கத்தான் உட்கார்ந்தார். அடக்கம் முடிந்த அந்த வாரம் பார்த்து சுபாஷினி என்ற பிள்ளையின் அம்மா குவைத்திலிருந்து வந்து இறங்கினாள். பிள்ளை சந்தியிலிருந்து ஓடி வந்து, மூச்சு வாங்க, "பஸ்ஸுலதான் டீச்சர் வந்துச்சு! பேக்கோட!" என்று கத்தினாள். டீச்சர் பிய்த்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஒருத்திக்கு வந்துருச்சே சேர். மத்த ஏழு பேருக்கு நான் எப்படி இல்லன்னு சொல்றது?"

அன்று மாலையே மறுபடி மா காய்ச்சினார்.

போன வருடத்துக்கு முந்திய வருடம் தரம் இரண்டுக்கு நியமனக் கடிதத்தோடு ஒரு ஆசிரியை வந்தார். படித்த பிள்ளை, நல்ல பிள்ளை, அவர்மேல் குற்றமில்லை. டீச்சருக்குத்தான் இடமில்லாமல் போனது. அவருடைய கணவர் அதற்கு முன்பே நிழல்மரக் கிளை வெட்டப் போய் விழுந்து, இடுப்புக்குக் கீழே பலமில்லாமல் வீட்டோடு இருந்தார். நாலு மாதம் கழித்து டீச்சர் ஒரு அட்டைப்பெட்டியோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"சவூதிக்குப் போறேன் சேர். வீட்டு வேலைதான். ரெண்டு வருஷம்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டார். உள்ளே பதினொரு புத்தகமும் இருந்தன. ஒன்றைத் திறந்து பார்த்தேன். கடைசிப் பக்கத்தைப் பின்னட்டையோடு சேர்த்து, நாலு ஓரமும் பசை தடவி ஒட்டியிருந்தார். அடுத்ததும் அப்படித்தான். பதினொன்றும்.

"என் மக தரம் ரெண்டுக்கு வந்ததும் யாராவது வாசிப்பாங்க. வாசிக்கட்டும். அந்தப் பக்கம் மட்டும் வேணாம் சேர். அவளுக்கு நீங்க அதக் காட்டிராதீங்க."

"நீங்க திரும்பி வருவீங்கதானே," என்றேன். என் வாயால் நான்தான் சொன்னேன்.

"நிரோஜா அம்மாவும் அப்படித்தான் சேர் சொல்லிட்டுப் போயிருப்பா."

படியிறங்கிப் போனார். குடையை மறந்துவிட்டுப் போனார். இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது.

நியமனத்தில் வந்த ஆசிரியைக்கு இந்த வருடத் தொடக்கத்தில் பதுளை டவுனுக்கு மாற்றம் கிடைத்தது. பதிலுக்கு யாரும் வரவில்லை. கரும்பலகையைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டு, தரம் இரண்டையும் ஐந்தையும் நானே சேர்த்துப் பார்க்கிறேன். முதல் வரிசையில் அந்தப் பிள்ளை. அம்மாவின் அதே புருவம். அட்டைப்பெட்டியை அலுமாரிக்கு மேலே ஏற்றி வைத்திருந்தேன். தொடவே இல்லை.

வெள்ளிக்கிழமைகளில் டீச்சர் வீட்டுக்குப் போன் பண்ணுவார். போன வாரம் அவருடைய கணவர் கம்பை ஊன்றிக்கொண்டு பாடசாலை வாசல்வரை வந்தார். இத்தனை தூரம் அவர் நடந்து வந்து நான் பார்த்ததில்லை.

"மூணு வெள்ளிக்கிழமையா போன் வரலங்க சேர். ஏஜென்சிக்காரன் விசாரிக்கிறேன்ங்குறான். லைன் கிடைக்கலன்னு புள்ளைக்குச் சொல்லி வச்சிருக்கேன்." குரலைத் தாழ்த்தினார். "நீங்களும் ஒண்ணும் சொல்லிராதீங்க."

சரி என்று தலையாட்டினேன். அவர் குழாயடியில்தான் நின்றிருந்தார். நிரோஜாவின் அப்பா நின்ற அதே இடம்.

நேற்று மழை. தகரத்தில் விழுகிற சத்தத்தில் பாடம் நடத்த முடியவில்லை. அந்தப் பிள்ளை எழுந்து, "சேர், எங்கம்மாவோட புஸ்தகம் ஒண்ணு வாசிங்களேன்," என்றாள். மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. பெட்டியை இறக்கி ஒன்றை எடுத்தேன். சிறுத்தைக் கதை. எனக்கு டீச்சர் மாதிரி வாசிக்க வராது. ஆனாலும் பிள்ளைகள் நெருங்கி உட்கார்ந்தார்கள். கடைசிக்கு முந்திய பக்கம் வந்ததும் புத்தகத்தை மூடினேன்.

"முடிஞ்சிருச்சு."

"முடியல சேர். இன்னொரு பக்கம் இருக்கு. அம்மா வீட்டுல வாசிக்கும்."

"இல்லம்மா. அவ்வளவுதான்."

அவள் முன்னால் வந்து நின்றாள். கோபமாகத்தான் பேசினாள். "நடுவுல விட்டுட்டு எந்திரிக்கக் கூடாது சேர். கதையில உள்ளவங்க அப்படியே நின்னுக்கிட்டிருப்பாங்க. பஸ்ஸுல உள்ளவங்க எறங்கணும்ல?"

புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கிப் பின்னட்டையைப் பிடித்தாள். கிழியும், கிழிக்காதே என்று சொல்லலாம் என்று பார்த்தேன். கிழிக்க வேண்டியிருக்கவில்லை. ஒன்றரை வருடம் அலுமாரி மேலே இருந்ததில் கரப்பான் பசையை முழுக்கத் தின்றிருந்தது. பக்கம் தானாகத் திறந்துகொண்டது. சிவப்பு பஸ். படியில் பெண். பேக். டீச்சருடைய கையெழுத்து.

"பஸ் வந்துருச்சா சேர்?" என்று அவள் கேட்டாள்.

நாற்பது பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். அந்த ஒன்றரை மாதம் டீச்சர் இதை எப்படி வாசித்தார் என்று அந்த நிமிடம்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன பயன், சொல்ல அவர் இல்லை. புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"வந்துருச்சும்மா," என்றேன். மூன்று வரியையும் குரல் உடையாமல் வாசித்து முடித்தேன்.